ஆளைக் கொண்டுபோய்விட்டார்களா? கொழும்பில் அரசிடம் கணக்குக் கேட்பதற்கான படிகள்

எங்கள் சொந்தத்தில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனபோது எந்த வாசலில் முதலில் போய் நிற்பது, கையில் என்ன கடதாசி வேண்டும், எந்தத் திகதிக்குள் எதைச் செய்யாவிட்டால் கதவு சாத்தப்படும் என்று ஒழுங்காகச் சொல்ல ஒருத்தரும் இருக்கவில்லை. ஆளுக்கொரு கதை சொன்னார்கள். பாதி பழைய கதை, பாதி பயத்தில் சொன்னது. வெள்ளவத்தையிலிருந்து புதுக்கடைக்கும் அங்கிருந்து பம்பலப்பிட்டிக்கும் அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் சட்டத்தரணி இல்லை. ஆனால் சட்டத்தரணியிடம் போகும்போது நீங்கள் வெறுங்கையோடு போகக் கூடாது, அதற்குத்தான் இது.

தொடங்குவதற்கு முன் ஒரு விஷயம். அடித்தவர் ஒருவராக இருக்கலாம். ஆனால் அறையைத் திறந்துவிட்டவர், பதிவேட்டில் பெயர் எழுதாமல் விட்டவர், உங்கள் கடிதம் கிடைத்தும் வாய் திறக்காமல் இருந்த மேலதிகாரி, எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சித்திரவதைச் சட்டம் உடந்தையாக இருந்தவரையும் சேர்த்தே பிடிக்கிறது. ஓர் அரச அதிகாரியின் சம்மதத்தோடு நடந்ததும், அவர் கண்டும் காணாமல் விட்டதால் நடந்ததும் அதில் சித்திரவதைதான். தண்டனை 7 முதல் 10 வருடச் சிறை. வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் பற்றிய 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் யாரையும் இரகசியமாகத் தடுத்து வைக்கக் கூடாது என்று நேராகவே சொல்கிறது. கீழே இருப்பவர்கள் செய்வது தெரிந்தும் தடுக்காத மேலதிகாரியும் அதில் குற்றவாளி, 20 வருடம் வரை சிறை. ஆக, சட்டம் இருக்கிறது. எங்களிடம் இல்லாமல் போவது ‘அவருக்குத் தெரிந்திருந்தது’ என்று காட்டும் கடதாசி. கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் அந்தக் கடதாசியை எப்படி உண்டாக்குவது என்பதையே பாருங்கள்.

1. முதல் சில மணி நேரத்தில் எழுதி வைக்க வேண்டியவை

அழுவதற்கும் ஆட்களுக்குச் சொல்வதற்கும் முன்னால் ஒரு கொப்பியை எடுங்கள். எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை பேர், சீருடையா சிவிலா, என்ன மொழியில் கதைத்தார்கள், ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிட்டார்கள், வாகனத்தின் நிறம், இலக்கம், இலக்கம் இல்லையென்றால் இல்லை என்பதையும் எழுதுங்கள். கொண்டு போகப்பட்டவர் உடுத்திருந்த உடுப்பு, கையிலிருந்த போன், அதன் சிம் இலக்கம், முடிந்தால் போன் பெட்டியில் ஒட்டியிருக்கும் ஐஎம்இஐ இலக்கம், எல்லாம் வேண்டும். பக்கத்துக் கடையில் சிசிடிவி இருந்தால் அன்றைக்கே போய்க் கேளுங்கள், கருவி கொஞ்ச நாளில் தானாக அழித்துவிடும். கடைக்காரர் பிரதி தரப் பயப்பட்டால், திரையில் ஓடும்போது போனால் ஒரு படம் எடுக்கவாவது விடுவாரா என்று பாருங்கள்.

போன் விஷயத்தைச் சின்னதாக நினைக்க வேண்டாம். 2008, 2009ஆம் ஆண்டுகளில் கொழும்பிலும் சுற்றுவட்டாரத்திலும் கடத்தப்பட்ட 11 பேரின் வழக்கில் கடற்படையினர் பக்கம் விசாரணை திரும்பியதற்குத் தொலைபேசித் தடயங்கள் பெரிய காரணம். தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தால் இலக்கம், நேரம், பேசிய சொற்கள் மூன்றையும் அந்த இடத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். அழைப்புப் பட்டியலை ஸ்கிரீன்ஷொட் எடுத்து இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

2. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்பது

முதலில் உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையம். பிறகு ஆளைக் கொண்டு போன இடம் எந்த நிலையத்துக்குள் வருகிறதோ அது. அதற்குப் பிறகுதான் ‘நாலாம் மாடி’ என்று நாங்கள் சொல்லும் குற்றப் புலனாய்வுத் திணைக்களமும், பயங்கரவாத விசாரணைப் பிரிவும். தனியாகப் போக வேண்டாம். இரண்டு பேர் போங்கள், ஒருவருக்குச் சிங்களம் நன்றாக வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும், பேசத் தெரிந்தால் மட்டும் போதாது.

நாங்கள் போன ஒரு நிலையத்தில் மேசையில் இருந்தவர் பதிவேட்டை இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, அந்தப் பெயரில் ஆள் இல்லை என்றார். ‘சரி, இல்லை என்பதை எழுதித் தாருங்கள்’ என்று கேட்டதும் புரட்டிய கை நின்றது. பேனையை எடுத்தார், வைத்தார், உள்ளே போய் ஒருவரோடு கதைத்துவிட்டு வந்தார், கடைசியில் எழுதித் தரவில்லை. ஆனால் முறைப்பாட்டைப் பதிந்தார். அதுவரை அதையும் மறுத்துக்கொண்டிருந்தவர் அவர். வாயால் சொல்லும் ‘இல்லை’ காற்றோடு போய்விடும், எழுத்தில் கேட்டால்தான் அடுத்தவர் யோசிக்கத் தொடங்குவார். எழுதித் தர மறுத்தால் மறுத்தவரின் பெயர், பதவி, பெயர் தெரியாவிட்டால் சீருடையில் உள்ள இலக்கம், நேரம் ஆகியவற்றை வெளியே வந்தவுடன் கொப்பியில் எழுதுங்கள்.

முறைப்பாடு போட்டால் அதன் இலக்கமும் திகதியும் உள்ள துண்டை வாங்காமல் நகர வேண்டாம். உங்கள் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதுவார்கள். வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், விளங்காவிட்டால் தமிழில் எழுதும்படி கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ‘கடத்தப்பட்டார்’ என்று நீங்கள் சொன்னது ‘வீட்டை விட்டுப் போய்விட்டார்’ என்று பதிவாகிவிட்டால் பிறகு வருடக்கணக்கில் அதோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.

காலக்கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். சாதாரண சட்டத்தில் கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் கொண்டுவர வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அது 72 மணி நேரம். அந்தச் சட்டத்தில் தடுப்புக்காவல் உத்தரவு போட்டால் மூன்று மூன்று மாதமாக நீட்டலாம். 2022ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு மொத்தம் 12 மாதம், அதற்கு முன் 18. அதே திருத்தத்தின்படி உத்தரவின் பிரதி 48 மணி நேரத்துக்குள் நீதவானுக்குப் போக வேண்டும், நீதவான் மாதம் ஒருமுறையாவது தடுத்து வைத்திருக்கும் இடத்துக்குப் போய் ஆளைப் பார்க்க வேண்டும். சட்டம் திருத்தப்படும்போது இந்த நாள்கள் மாறும், ஆகவே உங்கள் சட்டத்தரணியிடம் அன்றைய நிலையைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். நீதவான் போய்ப் பார்த்தாரா என்று எழுத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள், பலர் இதைக் கேட்பதே இல்லை.

3. மனித உரிமைகள் ஆணைக்குழு

தலைமை அலுவலகம் கொழும்பு 4, ஆர்.ஏ. டி மெல் மாவத்தையில் 14ஆம் இலக்கம். அவசர இலக்கம் 1996. செலவு எதுவும் இல்லை. முதலில் 1996க்கு அழையுங்கள், அழைத்த நேரத்தையும் பேசியவர் பெயரையும் எழுதுங்கள், அதற்குப் பிறகு நேரில் போய் எழுத்தில் கொடுங்கள். தொலைபேசியில் சொன்னதோடு முடிந்துவிட்டது என்று வீட்டில் இருந்துவிட வேண்டாம்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஒருவரைக் கைது செய்தால் 48 மணி நேரத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்று ஆணைக்குழுவின் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இந்தப் பெயரில் உங்களுக்கு அறிவித்தல் வந்ததா?’ வந்தது என்றால் ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துவிடும். வரவில்லை என்றால், பிடித்தவர்கள் சட்டத்தை மீறியதற்கு முதல் சான்று உங்கள் கையில். தடுத்து வைத்திருக்கும் இடங்களுக்கு அறிவிக்காமலே போய்ப் பார்க்கும் அதிகாரமும் ஆணைக்குழுவுக்கு உண்டு. போய்ப் பாருங்கள் என்று எழுத்திலேயே கேளுங்கள்.

கொண்டு போக வேண்டியவை: அவருடைய அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, உங்களுக்கு அவர் என்ன உறவு என்று காட்டும் ஆவணம், அண்மைப் படம், பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, கொப்பியில் எழுதியதன் பிரதி. மூலப்பத்திரத்தை எங்கேயும் கொடுக்க வேண்டாம், காட்டிவிட்டுத் திரும்ப வாங்குங்கள். உங்கள் கையில் இருக்கும் பிரதியில் ஆணைக்குழுவின் முத்திரையும் திகதியும் விழ வேண்டும், முறைப்பாட்டு இலக்கமும் வேண்டும்.

ஆணைக்குழு செய்வது சிபாரிசு. நீதிமன்றத் தீர்ப்பைப் போல அது யாரையும் கட்டாது. அப்படியென்றால் ஏன் போக வேண்டும்? ஐந்தாவது படியில் வரும் ஒரு மாதக் கெடுவுக்காக. அதை வாசிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

ஒரு பொறி: சில நேரம் பொலிஸ் பக்கத்திலிருந்து ஆள் வந்து, ‘விட்டுவிடுகிறோம், முறைப்பாட்டை வாபஸ் வாங்குங்கள்’ என்பார்கள். வீட்டில் பெரியவர்களும் சரி என்று சொல்வார்கள். ஆள் வெளியே வருவது முக்கியம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாபஸ் கடிதத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன் சட்டத்தரணியிடம் காட்டுங்கள். ‘அடி, உதை எதுவும் நடக்கவில்லை’ என்று ஒரு வரியை நடுவில் சேர்த்து வைத்திருப்பார்கள்.

4. உடம்பில் இருக்கும் சாட்சி

காயம் காத்திருக்காது. கண்டல் நிறம் மாறி மறைந்துவிடும், உள்ளங்காலில் அடித்த வீக்கம் வற்றிவிடும், தலையில் பையைக் கட்டி மூச்சுத் திணற வைத்ததற்கு வெளியே ஓர் அடையாளமும் இருக்காது. ஆகவே இங்கே நாள் கடத்தக் கூடாது.

ஆள் இன்னும் காவலில் இருந்தால்: நீதவான் முன் கொண்டுவரும் அன்றைக்குச் சட்டத்தரணி எழுந்து, சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பும்படி கேட்க வேண்டும், கேட்டதும் நீதவான் சொன்னதும் வழக்கேட்டில் பதிவாக வேண்டும். கொழும்பில் அதற்கான நிறுவனம் பிரான்சிஸ் வீதியில் இருக்கிறது. அதற்கு முன்னரே ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் டொக்டரிடம் காட்டிவிட்டோம் என்று பொலிஸ் சொல்லும். அந்தப் பரிசோதனை நடக்கும்போது பொலிஸ்காரர் அறைக்குள் நின்றாரா என்று கேளுங்கள். அடித்தவர் பக்கத்தில் நிற்கும்போது எவரும் உண்மை சொல்லமாட்டார். அவரை வெளியே அனுப்பும்படி வைத்தியரிடம் கேட்கலாம். அதை முன்கூட்டியே உங்கள் ஆளுக்குச் சட்டத்தரணி மூலம் சொல்லி அனுப்புங்கள்.

ஆள் வெளியே வந்துவிட்டால்: அரச ஆஸ்பத்திரிக்குப் போய் அனுமதியாகுங்கள், தனியார் கிளினிக்கில் மருந்து மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டாம். எப்படிக் காயம் வந்தது என்று கேட்பார்கள். ‘விழுந்துவிட்டேன்’ என்று சொல்லிவிட்டால் அந்தச் சொல்தான் படுக்கைத் துண்டில், அதாவது ஆஸ்பத்திரியின் நோயாளிப் பதிவில், நிற்கும், பிறகு அரச தரப்புச் சட்டத்தரணி அதையே எடுத்து நீட்டுவார். பொலிஸ் அடித்தது என்றால் பொலிஸ் அடித்தது என்று சொல்லுங்கள். ஆஸ்பத்திரிப் பொலிஸ் பதிவு எழுதும், சட்ட வைத்திய அதிகாரி பார்ப்பார்.

படமும் எடுங்கள். காயத்தின் பக்கத்தில் அடிக்கோலை வைத்து ஒரு படம், முகமும் காயமும் சேர்ந்து தெரிய இன்னொன்று, இரண்டு நாளுக்கு ஒருமுறை திரும்ப. இரத்தம் பட்ட உடுப்பைத் துவைக்காதீர்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் பிடித்துக் கெட்டுவிடும், உலர்ந்த பிறகு கடதாசி உறையில் போட்டு மூடித் திகதி எழுதி வையுங்கள். உடம்பில் தடயமே இல்லையென்றால் மனநல வைத்தியரின் அறிக்கையும் சான்றுதான். தூக்கமின்மை, திடுக்கிட்டு எழுவது, மூடிய அறைக்குள் போக முடியாமல் இருப்பது, இவையெல்லாம் மருத்துவத்தில் எழுதக்கூடிய விஷயங்கள்.

5. உயர் நீதிமன்றம்: ஒரு மாதம்

சித்திரவதைக்கு எதிரான உரிமை அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையில் இருக்கிறது, சட்டவிரோதக் கைதுக்கு எதிரானது 13இல். மீறினால் 126ஆம் உறுப்புரையின் கீழ் நேராக உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். கெடு ஒரு மாதம். ஆள் காவலில் இருந்த காலத்தில் மனுப் போட முடியாத நிலை இருந்திருந்தால் நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுத்த வழக்குகள் இருக்கின்றன, ஆனாலும் அதை நம்பிக்கொண்டு இருக்க வேண்டாம்.

ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு கொடுத்திருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது என்று ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. நிறையப் பேர் இங்கேதான் விழுகிறார்கள். முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு, காலம் நின்றுவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள். கொடுத்தால் மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருப்பதைக் காட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. ஆகவே ஆணைக்குழுவிலிருந்து வரும் ஒவ்வொரு கடிதத்தையும், விசாரணைக்குக் கூப்பிட்ட அறிவித்தலையும் பத்திரமாக வையுங்கள், கடிதம் வராவிட்டால் நீங்களே எழுதிக் கேளுங்கள். முடிந்தால் இதற்காகக் காத்திருக்காமல் ஒரு மாதத்துக்குள்ளேயே மனுவைப் போட்டுவிடுங்கள். என்னுடைய எண்ணத்தில் அதுதான் புத்தி.

யார் மனுப் போடலாம்? பாதிக்கப்பட்டவர், அல்லது அவர் சார்பில் சட்டத்தரணி. அம்மாவோ அக்காவோ தன் பெயரில் போட முடியாது. ஆகவே சட்டத்தரணி காவலில் இருப்பவரைப் பார்த்து பிரொக்சியில், அதாவது தன் சார்பில் வழக்குப் பேச அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தில், கையெழுத்து வாங்க வேண்டும், அதற்கே நாள் போகும், முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். காவலில் ஒருவர் இறந்துவிட்டால் குடும்பம் மனுப் போடலாம், 2003இல் ஒரு மனைவி போட்ட வழக்கில் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. சட்டத்தரணியே கிடைக்காதபோது சிறையிலிருந்து எழுதிய கடிதத்தை மனுவாக எடுத்துக்கொள்ளவும் உயர் நீதிமன்ற விதிகளில் இடம் இருக்கிறது.

எதிர்மனுதாரர் பட்டியலைச் சட்டத்தரணியிடம் மட்டும் விட்டுவிடாமல் நீங்களும் வாசியுங்கள். அடித்தவர், பொறுப்பதிகாரி, அவருக்கு மேலே உள்ள அத்தியட்சகர், பொலிஸ்மா அதிபர், சட்டமா அதிபர். அடித்த கான்ஸ்டபிளை மட்டும் போட்டால் அரசு அவரைத் தனியாகக் கழற்றிவிட்டுத் தப்பித்துக்கொள்ளும். மேலே இருப்பவர்களைத் தொட முடியாது என்று உங்களிடம் சொல்பவர்களுக்கு இரண்டு தீர்ப்புகளைக் காட்டுங்கள். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் வழக்கில் 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், முன்கூட்டியே தகவல் வந்தும் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபா கட்டச் சொன்னது. அதே வருடம் டிசம்பரில், அப்போது பதில் பொலிஸ்மா அதிபராக இருந்த தேசபந்து தென்னக்கோன் உட்பட்ட அதிகாரிகள் ஒருவரைச் சித்திரவதை செய்ததற்குப் பொறுப்பு என்று தீர்ப்பளித்து, தலைக்கு 5 இலட்சம் ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது.

அந்த இரண்டாவது வழக்கு 2011இல் பதியப்பட்டது. இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பு சொன்னாலும் உண்மையில் இப்படித்தான் இழுக்கும். மனதையும் பையையும் அதற்கேற்றபடி தயார் செய்யுங்கள்.

6. ஆள் இருக்கும் இடமே தெரியாவிட்டால்

ஆட்கொணர்வு மனு. அரசியலமைப்பின் 141ஆம் உறுப்புரையின் கீழ் புதுக்கடையில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் போடலாம், அல்லது அந்த மாகாணத்தின் மேல் நீதிமன்றத்தில். இதற்கு ஒரு மாதக் கெடு இல்லை, உறவினரே போடலாம். மனுவோடு சத்தியக்கடதாசி வேண்டும், கண்ணால் பார்த்தவரின் சத்தியக்கடதாசி இருந்தால் பலம் பல மடங்கு. பார்த்தவர் வெளிநாட்டுக்குப் போவதற்கு முன், பயம் கூடுவதற்கு முன் அதை எடுத்துவிடுங்கள். சமாதான நீதவான் முன்னால் கையெழுத்து வைத்தால் போதும்.

இதுவும் இழுக்கும். 2009இல் முல்லைத்தீவில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களின் குடும்பங்கள் வவுனியா மேல் நீதிமன்றத்தில் 2013இல் போட்ட மனுக்களில் 2022 டிசம்பரில்தான் இராணுவத்துக்கு எதிராக உத்தரவு வந்தது. அத்தனை வருடமும் தவணை தவணையாக பஸ் ஏறிப் போய் நின்ற பெண்கள்தான் அந்த உத்தரவைக் கொண்டுவந்தார்கள்.

பழைய சம்பவமென்றால் காணாமற்போனோர் அலுவலகத்திலும் பதியுங்கள், இலவசம். ஆனால் அதன் முடிவு யாரையும் குற்றவாளியாக்காது. அங்கே பதிந்ததற்காக நீதிமன்ற வழக்கைக் கைவிட வேண்டாம். பாடசாலை, வங்கி, காணிக் காரியங்களுக்குக் கடதாசி தேவைப்பட்டால் மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழைக் கேளுங்கள், 2016ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து அது இருக்கிறது. காசுக் கஷ்டத்தில் மரணச் சான்றிதழில் கையெழுத்து வைக்கச் சொல்லி ஆலோசனை சொல்பவர்கள் நிறைய. எடுப்பதும் விடுவதும் உங்கள் முடிவு, ஆனால் வேறு வழியும் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

7. ‘தெரியாது’ என்று சொல்ல முடியாதபடி செய்வது

இதுதான் இந்தக் கட்டுரையில் எனக்கு மிக முக்கியமான படி. ஒரே கடிதத்தை, அதே திகதியில், நிலையப் பொறுப்பதிகாரி, அத்தியட்சகர், பொலிஸ்மா அதிபர், பாதுகாப்பு அமைச்சின் செயலாளர், சட்டமா அதிபர், தேசிய பொலிஸ் ஆணைக்குழு எல்லாருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. இன்னார், இந்த நேரத்தில், இந்த இடத்திலிருந்து, இந்த வாகனத்தில் கொண்டு போகப்பட்டார், அடிக்கப்படுகிறார் என்று அஞ்சுகிறோம், உடனே தலையிடுங்கள். அவ்வளவுதான். தபால் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியின் பின்புறம் ஒட்டி வையுங்கள். சீட்டின் மை வெயிலில் மங்கும், ஒட்டும்போதே ஒரு போட்டோக் கொப்பி எடுங்கள். பிறகு நீதிமன்றத்தில் ‘என் கவனத்துக்கு வரவில்லை’ என்று ஓர் அதிகாரி சொல்லும்போது அந்தச் சின்னச் சீட்டு பேசும்.

அதோடு தகவல் அறியும் உரிமை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். சாதாரணக் கோரிக்கைக்கு 14 வேலை நாள், ஆனால் ஒரு பிரஜையின் உயிரும் சுதந்திரமும் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். கோரிக்கையின் முதல் வரியிலேயே ‘இது உயிரும் தனிப்பட்ட சுதந்திரமும் பற்றிய கோரிக்கை’ என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் 14 நாள் வரிசையில் போட்டுவிடுவார்கள். கேட்க வேண்டியது: அந்தத் திகதியின் கைதுப் பதிவேட்டுப் பிரதி, தடுப்புக்காவல் உத்தரவின் பிரதி, அன்று கடமையில் இருந்தவர்களின் பெயர்கள், வாகன ஓட்டப் பதிவு. தேசிய பாதுகாப்பு என்று மறுப்பார்கள். மறுப்பும் எழுத்தில் வந்தால் நல்லது, ஏனென்றால் ஆவணம் இருக்கிறது என்பதை அதில் ஒத்துக்கொள்கிறார்கள். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் பதில் சரியில்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

8. வெளிநாட்டு அரசுக்கும் கை இருந்தால்

சிலரை வெளிநாட்டிலிருந்து திருப்பி அனுப்பி, கட்டுநாயக்க விமான நிலையத்தில் வைத்துக் கொண்டு போகிறார்கள். சிலரிடம் விசாரணையில் கேட்கும் கேள்விகளே வெளியூர்ப் பொலிஸ் தந்த தகவலிலிருந்து வந்தவை. இரகசியத் தடுப்பு என்பது பல அரசுகள் சேர்ந்து செய்த காரியம். அமெரிக்காவின் உளவு அமைப்பான சிஐஏ நடத்திய இரகசியக் கடத்தலுக்கு உதவிய 54 அரசுகளை 2013இல் ஓர் அறிக்கை பட்டியலிட்டது, இலங்கையும் அதில் ஒன்று.

உதவிய அரசைப் பிடிக்க முடியுமா? முடிந்திருக்கிறது. காலித் எல்-மஸ்ரி என்ற ஜேர்மன் பிரஜையை மசிடோனியா 2003 கடைசி நாளில் எல்லையில் பிடித்து, ஸ்கோப்யேயில் ஒரு ஹோட்டல் அறையில் அடைத்து வைத்து, பிறகு சிஐஏயிடம் கொடுத்தது. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அந்த அரசு கடைசிவரை சாதித்தது. ஆனால் விமான ஓட்டப் பதிவுகள் இருந்தன, கடவுச்சீட்டு முத்திரைகள் இருந்தன, அவருடைய தலைமயிரைச் சோதித்ததில் பட்டினி கிடந்ததற்கும் தெற்காசியாவில் இருந்ததற்கும் பொருந்தும் அடையாளம் கிடைத்தது. 2012 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் மசிடோனியாவைப் பொறுப்பாக்கி 60,000 யூரோ கொடுக்கச் சொன்னது. கனடாப் பிரஜையான மஹேர் அராரை அமெரிக்கா சிரியாவுக்கு அனுப்பிய விஷயத்தில், தவறான தகவல் கொடுத்ததற்காகக் கனடா 2007இல் மன்னிப்புக் கேட்டு 1 கோடியே 5 இலட்சம் கனேடிய டொலர் கொடுத்தது.

ஆகவே விமானச் சீட்டு, போர்டிங் அட்டை, கடவுச்சீட்டின் எல்லாப் பக்கமும், நாடுகடத்தல் உத்தரவு, அங்கே அகதிக் கோரிக்கைக்குக் கொடுத்த வாக்குமூலம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். விசாரணையில் கேட்ட கேள்விகளை உங்கள் ஆள் வெளியே வந்தவுடன் வார்த்தைக்கு வார்த்தை எழுத வையுங்கள். ‘இலண்டனில் இந்தத் தெருவில் யார் வீட்டில் இருந்தாய்’ என்று இங்கே ஒருவர் கேட்டால் அந்தத் தகவல் எங்கிருந்து வந்தது? பிரித்தானியாவில் இருந்தவரென்றால் தன்னைப் பற்றி உள்துறை அமைச்சு வைத்திருக்கும் கோப்பின் பிரதியைத் தானே கேட்கலாம், இலவசம், பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும்.

நீதிமன்றம் இல்லாமலும் சில காரியம் நடக்கும். இலங்கைப் பொலிஸுக்குப் பயிற்சி கொடுத்துவந்த ஸ்கொட்லாந்துப் பொலிஸ் எதிர்ப்புக்குப் பிறகு 2022இல் அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டது. நான் மேலே சொன்ன 11 பேர் வழக்கில் முன்னாள் கடற்படைத் தளபதிக்கு எதிரான குற்றச்சாட்டைத் தொடரப் போவதில்லை என்று சட்டமா அதிபர் 2021இல் சொன்னார். ஆனால் 2023இல் அமெரிக்காவும் 2025இல் பிரித்தானியாவும் அவருக்குத் தடை விதித்தன. புலம்பெயர்ந்த சொந்தக்காரர் இருந்தால் அவர்களுடைய நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதச் சொல்லுங்கள், உங்கள் ஆவணப் பிரதிகள் அங்கே உதவும்.

9. ஐக்கிய நாடுகள் சபை

காணாமல் ஆக்கப்படுதல் பற்றிய செயற்குழுவுக்கு உறவினரே எழுதலாம், செலவு இல்லை, உள்ளூர் வழக்கு முடியும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் என்றால் அவசர முறையில் எடுப்பார்கள். ஆங்கிலத்தில் எழுத வேண்டும். பெயர் அரசுக்குப் போகும் என்பதை விளங்கிக்கொண்டு எழுதுங்கள், முறைப்பாடு கொடுத்தவரின் பெயரை மறைக்கும்படி கேட்கலாம்.

சித்திரவதைக்கு எதிரான குழுவுக்கும் தனிநபர் முறைப்பாடு போடலாம், இலங்கை 2016இல் அதற்குச் சம்மதித்தது. அது உள்ளூர் வழிகள் முடிந்த பிறகு, அல்லது அவை அர்த்தமில்லாமல் இழுபடும்போது. ஜெனிவாவின் முடிவை இங்கே நிறைவேற்றுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். சிங்கராசா வழக்கில், விளங்காத சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் விரல் அடையாளம் வைத்தவருக்குச் சாதகமாக ஐநா மனித உரிமைக் குழு 2004இல் முடிவு சொல்லியும், உயர் நீதிமன்றம் 2006இல் அதை ஏற்க மறுத்தது. ஆனாலும் 2021இல் மனித உரிமைப் பேரவையின் 46/1 தீர்மானத்துக்குப் பிறகு, எதிர்கால வழக்குகளுக்காக ஆதாரங்களைச் சேகரித்து வைக்கும் வேலை ஜெனிவாவில் நடக்கிறது. உங்கள் ஃபைலின் ஒரு பிரதி அங்கேயும் இருக்கட்டும்.

10. காசு, பயம், ஃபைல்

ஆணைக்குழு, தகவல் கோரிக்கை, ஐநா எல்லாம் இலவசம். காசு போவது சட்டத்தரணிக்கும் மொழிபெயர்ப்புக்கும். சட்டத்தரணியிடம் முதல் நாளே மனுவுக்கு எவ்வளவு, ஒவ்வொரு தவணைக்கும் எவ்வளவு, சிரேஷ்ட சட்டத்தரணி வந்தால் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். வருமானம் குறைவென்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள், கிராம சேவகரின் வருமானச் சான்றிதழைக் கையோடு கொண்டுபோங்கள். உயர் நீதிமன்றத்திலும் மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் வேலை ஆங்கிலத்தில் நடப்பதால் சிங்களப் பொலிஸ் பதிவுகளையும் தமிழ்க் கடிதங்களையும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்க வேண்டும், பக்கக் கணக்கில் வாங்குவார்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொடுக்காமல் எது தேவை என்று சட்டத்தரணி குறித்த பிறகு கொடுங்கள்.

‘காசு தந்தால் ஆளைக் காட்டுகிறோம், முகாமில் இருக்கிறார், பார்த்தேன்’ என்று அழைப்பு வரும். நகையை அடகு வைத்துக் கொடுத்து ஏமாந்த குடும்பங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கொடுக்காதீர்கள், ஆனால் இலக்கத்தையும் சொன்ன விபரத்தையும் குறித்துச் சட்டத்தரணியிடம் கொடுங்கள்.

அடித்தவரின் படம் கிடைத்தால் பேஸ்புக்கில் போட வேண்டும் என்று கை துடிக்கும். அடையாள அணிவகுப்புக்கு முன் போட்டால், படத்தைப் பார்த்துத்தான் அடையாளம் காட்டினார் என்று சொல்லி வழக்கை உடைத்துவிடுவார்கள். மிரட்டல் வந்தால் பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் பாதுகாப்பு பற்றிய 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தில் பாதுகாப்புக் கேட்கலாம், சாட்சியை மிரட்டுவது தனிக் குற்றம். வீட்டுக்கு யாராவது வந்து விசாரித்தால் வந்தவர் பெயர், நிலையம், நேரம், அதே கொப்பியில்.

ஃபைல் மூன்று பிரதி: ஒன்று வீட்டில், ஒன்று சட்டத்தரணியிடம், ஒன்று வெளிநாட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் ஸ்கேன் செய்து. ஒவ்வொரு தவணை முடிந்து வெளியே வந்ததும் வழக்கு இலக்கம், என்ன நடந்தது, அடுத்த திகதி ஆகிய மூன்றையும் எழுதுங்கள். சட்டத்தரணியை மாற்ற நேர்ந்தால் பழையவரிடமிருந்து ஃபைல் முழுவதையும், பிரொக்சியை மீளப்பெறும் கடிதத்தோடு சேர்த்து வாங்கிக்கொண்டே அடுத்தவரிடம் போங்கள்.